தடத்துக்குச் செய்த கேட்

மோகனூர்,
20.6.2024

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் கோழிகளும் சுகம், அங்கே நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உங்களைச் சுற்றியிருக்கும் கடலும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் எடுத்துக் கொடுக்கிறார், அவரைப் பற்றியே சொல்ல வேண்டியதை அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. உன்னைப் போல அங்கே டீச்சராக இருக்கும் ராசிபுரத்து அகல்யா லீவு முடிந்து மாலத்தீவுக்குத் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன், பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்று போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய அழுகைதான், பயப்படாதே. அங்கே புது அரசாங்கம் வந்து இந்தியச் சிப்பாய்கள் போகட்டும் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நல்ல தூக்கம் கிடையாது. அந்த நாட்டுக்கு இனி யாரும் சுற்றுலா போகக்கூடாது என்று இங்கே எல்லோர் போனிலும் வந்தது, அந்தக் கோபத்தில் நாளைக்கு டீச்சர்களையும் போகச் சொன்னால் என் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வரவேண்டுமே என்று குமைந்துகொண்டிருந்தேன். உன் அப்பா ஒரு படி மேலே போய் நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் உனக்கு வேலையே பேசி வைத்துவிட்டார், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நாமே கூப்பிட்டுக்கொண்டால் மரியாதை என்றார். நடுவில் அந்த நாட்டுக்கு முட்டை, அரிசி, வெங்காயம் எல்லாம் அனுப்ப டெல்லியில் அனுமதி கொடுத்தார்கள், நம் பண்ணை முட்டையும் தூத்துக்குடிக்கு லாரி ஏறியது. சண்டை போடுகிறவர்களுக்கு எதற்கு முட்டை என்று டிரைவரிடம் போய்க் கேட்கிறார் இவர். அந்த முட்டையைத்தான் உங்கள் மகளும் தின்கிறாள் என்று நான் சொன்னபிறகு அட்டைகளை அவரே எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் விவகாரமும் அப்போதுதான் கிளம்பியது. நம் பண்ணை வளர்ந்து வளர்ந்து அவர் வேலி வரைக்கும் வந்துவிட்டது உனக்குத் தெரியும். தீவனம் எங்கே வாங்குவது, முட்டையை எப்போது விற்பது எல்லாம் இவரைக் கேட்டுத்தான் செய்வார், இவரும் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வார். அப்படிப்பட்டவர் திடீரென்று பல்லடத்துக் கம்பெனி ஒன்றோடு தானே பேசி, அவர்கள் கொடுத்த கறிக்கோழிக் குஞ்சுகளைக் கொட்டகையில் விட்டுவிட்டார். நம் நிலத்துக்குள் போகும் வண்டித் தடத்தில் போய் வந்துகொண்டு நமக்கே தெரியாமல் வெளியாளைக் கூட்டி வருவதா என்று உன் அப்பா கொதித்துப் போனார். தடத்தையே அடைத்துவிடுகிறேன் என்று லாரி பாடி கட்டும் பட்டறையில் பெரிய இரும்புக் கேட் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். அதை உன்னிடம் புலம்பியபோதுதான் நீ உன் ஊர்க் கதையைச் சொன்னாய். பக்கத்தில் ஒரு நாடு பெரிதாக வளர்ந்துகொண்டே போனால் சின்ன நாட்டில் தேர்தலே அதைச் சுற்றித்தான் நடக்கும், ஒரு கட்சி அதோடு சேர்ந்திருப்போம் என்று ஓட்டுக் கேட்கும், இன்னொன்று எட்டி நிற்போம் என்று கேட்கும், துணைக்குத் தூரத்தில் இருக்கும் இன்னொரு பெரிய நாட்டையும் கூட்டி வரும், ஆனாலும் உடம்புக்கு முடியவில்லை என்றால் நம் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் விமானம் ஏறுவார்கள் என்றாய். கடைசியில் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அம்மா, இவங்களுக்கு நம்ம மேல வெறுப்பில்லீங்க, நாம ரொம்பப் பக்கத்துல ரொம்பப் பெருசா இருக்கறோம், எங்க முடிவு எங்களுதுன்னு அப்பப்பக் காட்டிக்கோணும்னு நெனைக்கறாங்க, அவ்வளவுதான்" என்றாய். சோறு போடும்போது இதை அப்படியே அவரிடம் சொன்னேன், கிட்ட இருந்தால் முட்டப் பகை என்பது நாடுகளுக்கும் உண்டு போலிருக்கிறது என்றேன். மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மே மாத வெயிலில் சின்னண்ணன் தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் நின்றுவிட்டது. கோழிகள் சுருண்டு விழுகின்றன, கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் உங்கள் பொறுப்பு என்று சொல்லிப் போய்விட்டான். கேட் செய்யச் சொன்ன கதை காதுக்குப் போயிருக்கும், அவர் எந்த முகத்தோடு நம்மிடம் வருவார். அவர் சம்சாரம் ஆத்தாயி எங்கிருந்தோ குடத்தில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் அப்பா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், கம்பெனியை விட்டால் தண்ணீர் தருகிறேன் என்று ஒரு வார்த்தை இவர் வாயில் வந்துவிட்டால் அந்த உறவு ஏழு ஜென்மத்துக்கும் ஒட்டாது. நல்லவேளை, குலசாமி நாக்கில் உட்கார்ந்துகொண்டது. பைப்பை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டு மோட்டாரைப் போட்டுவிட்டார். "கோழி ஆருதா இருந்தா என்னுங்க, வெய்யிலு எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே" என்றார், கம்பெனிப் பேச்சே எடுக்கவில்லை. இப்போது சின்னண்ணன் பழையபடி சாயங்காலம் வந்து உட்கார்ந்து முட்டை விலை பேசிவிட்டுப் போகிறார். கம்பெனியையும் விடவில்லை. என்னங்க இது என்று உன் அப்பாவைக் கேட்டால், "இருக்கட்டும், ரெண்டு பக்கமும் கதவு வெச்ச ஊடுதான் காத்தோட்டமா இருக்கும்" என்கிறார். டெல்லியில் நம் பிரதமர் பதவியேற்ற விழாவுக்கு உங்கள் நாட்டுத் தலைவரும் வந்திருந்ததை டிவியில் காட்டினார்கள், பார்த்தாயா தானாக வந்துவிட்டார் என்று இவருக்கு ஒரு பெருமை, டெல்லியிலிருந்து பைப் போட்டது இவர்தான் போல. மறுபடியும் முறைத்துக்கொள்ளலாம், அது பெரிய இடத்துப் பாடு. என் மகளுக்கு வேலை இருக்கிறது, அது போதும் எனக்கு.

பைப் போட்ட மறுநாளே உன் அப்பா நாமக்கல் போய் அந்தப் பள்ளியில் என் மகளுக்கு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார், வருவதானால் அவளாக வரட்டும் என்றார். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால்தான் என்ன என்று எனக்கும் ஒரு மூலையில் ஆசை இருந்தது. இப்போது இல்லை. யாரோ அனுப்பி வந்த பிள்ளையாக நீ என் முன்னால் நிற்க வேண்டாம் சாமி.

படகில் போகும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள். பள்ளியில் அவர்கள் தங்கள் நாட்டைக் குறை சொன்னால் தலையாட்டாதே, நம் நாட்டைக் குறை சொன்னால் சண்டைக்குப் போகாதே. பொடியை ஈரக்கை வைக்காமல் எடு. காவிரித் தாயும் குலசாமியும் அந்தக் கடலையும் தாண்டி வந்து உன்னைக் காக்கட்டும்.

சொல்ல மறந்துவிட்டேன், பட்டறையிலிருந்து கேட் வந்துவிட்டது. தடத்தில் போட மனமில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியாது, நம் வீட்டு முன்சுவரை இடித்து அகலமாக்கி அங்கே மாட்டிவிட்டார், ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தது சின்னண்ணன்தான். வீட்டுக்கு எதற்கு லாரி போகிற அளவுக்குக் கேட் என்று ஊரே சிரிக்கிறது. "மக வாரப்போ காரு நேரா உள்ள வரோணுமல்லங்க" என்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூட்டு மட்டும் வாங்கவில்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வசந்தாமணி