பின்கதவுக் கீறல்

டிராங்கெபார், போர்ட் லூயி
7 பிப்ரவரி 1968

அன்பு மகள் தெய்வானைக்கு உன் அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முருகன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இந்த வரி எழுதும் நேரம் வரைக்கும் நலம், அதற்கு மேல் உறுதி சொல்ல இப்போது யாராலும் முடியாது. உன் உடம்பும் அந்த லெஸ்டர் ஆஸ்பத்திரி வேலையும் எப்படி இருக்கிறதென்று உடனே எழுது. ஃப்ரெஞ்சில் எழுதாமல் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். கோயில் வகுப்பில் நீ மூக்கைச் சிந்திக்கொண்டே படித்த எழுத்து இப்போதுதான் உதவுகிறது. ஃப்ரெஞ்சுக் கடிதம் என்றால் வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துவிடலாம், இதைப் படிக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா, அதனால்தான்.

சண்டையைப் பற்றி ரேடியோவில் கேட்டிருப்பாய். இரண்டு கோஷ்டிகளுக்குள் தொடங்கியது கிறிஸ்தவர் முஸ்லிம் என்று ஆகி ஊரெல்லாம் பரவிவிட்டது. ரோஷ் புவாவில் வீடுகளை விட்டு ஓடியவர்கள் சட்டி பானையைக்கூட எடுக்கவில்லை. மாலையானால் ஊரடங்கு, தெருவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அடுத்த மாதம் இந்தத் தீவுக்குச் சுதந்திரம், கொடி ஏற்றப் போகிறார்கள், இங்கே நாங்கள் கதவுக்குப் பின்னால் அலமாரியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நம்மை யாரும் குறி வைக்கவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். கல்லுக்கு அது தெரியுமா.

கலவரம் தொடங்கி மூன்றாம் நாள் காலையில் டாக்சியைத் துடைக்கப் போனேன். இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலுவை. ஆணியாலோ கத்தரிக்கோலாலோ ஆழமாகக் கீறியிருந்தது, கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. பட்டியலில் ஒரு பேரை அடிப்பதற்குப் போடும் குறி போலத்தான் எனக்குப் பட்டது, அடுத்தது இவன் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதாகவே நினைத்தேன். யார் என்று யோசித்தபோது மனசு நேரே பக்கத்து வீட்டுக்குத்தான் போனது. நீ அவர்கள் பாஷையில் தாந்தின் என்று முறை வைத்துக் கூப்பிடுவாயே அந்துவானெத், அவள் மகன் லுசியான் அந்தக் கிறிஸ்தவக் கும்பல் பையன்களோடு சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை தேடி மலையடிவாரம் வரை போனவள் அவள். அவளோடு ஒன்பது நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று போன்ழூர் சொன்னால் காது கேளாதவன் போல் உள்ளே வந்துவிடுவேன்.

கீறலை அப்படியே விட்டால் துரு ஏறும், குறியும் நிற்கும். பட்டறைக்கு எடுத்துப் போகப் பயம். பட்டறையில் தகர வேலை பார்க்கும் கீ என்கிற பையனிடம் சாமான் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் நாலு தகரத்தை மறைப்பாக நிறுத்தி நானே உட்கார்ந்தேன். உன் அம்மா முதலில் தேய்க்க விடவில்லை. சேந்த் குருவாவில் பாதிரியார் சமாதிக்கு வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏற்றுகிறவள், சிலுவை மேல் உப்புத்தாள் போடாதே என்று பிடித்துக்கொண்டாள். கடைசியில் கதவுக்கு முன்னால் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டாள், அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீரால் கழுவி, தண்ணீர்த்தாளை மரக்கட்டையில் சுற்றிக் கீறலின் ஓரம் விரலுக்குத் தட்டாத வரைக்கும் தேய்த்தேன். பிறகு சிவப்பு அடிப்பூச்சு, அது காய்ந்ததும் பள்ளத்தை அடைக்க மக்குப் பூச்சு, மறுபடி மெல்லிய தாள். பெயிண்டைத் தின்னரில் கரைத்து உன் பழைய காலுறையில் வடிகட்டி, கொசு மருந்து அடிக்கும் ஃப்ளிட் பம்பைக் கழுவி அதில் ஊற்றி அடித்தேன். சிரிக்காதே, நன்றாகவே வந்தது. முதல் தடவை அவசரத்தில் கிட்டத்தில் பிடித்துவிட்டேன், பெயிண்ட் கண்ணீர் மாதிரி வழிந்தது, மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாக்கை எடுத்துக் கதவை மூடிவிட்டு வேறு வேலை செய்கிறவன் போல் நிற்பேன். ஐந்து தடவை மெலிதாக அடித்து, நன்றாகக் காய விட்டு, பல்பொடியைக் குழைத்துத் துணியால் மெருகேற்றினேன். இடம் தெரியாமல் மறைந்துவிட்டது. அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு இறங்கியது.

மறுநாள் காலை வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்துவானெத் துணி உலர்த்த வந்தவள் கதவைப் பார்த்ததும் கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டாள். அயோ துரை, கி தோ ஃபின் ஃபேர் லா என்று தலையில் கை வைத்தாள். என்ன காரியம் செய்துவிட்டாய் என்று கேட்டு அவள் விவரம் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. வெளியிலிருந்து வரும் பையன்களுக்கு இது யார் வண்டி என்று தெரியாது, தெரியாத வண்டியென்றால் கொளுத்துகிறார்கள், சிலுவை போட்டது நம்முடையது, தொடக் கூடாது என்று லுசியான் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான். விடிகிற நேரத்தில் தன் தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்து கீறியது அவளேதான். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னால் என் பிள்ளை எவர்களோடு திரிகிறான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டிவரும், அது எனக்கு வெட்கம் என்றாள். ஒன்பது நாளை நினைத்து என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் அப்பா இவ்வளவு அற்பமாக நினைக்கக் கூடியவன் என்று நீயும் தெரிந்துகொள்.

மறுபடி கீறிவிடட்டுமா என்று கேட்டாள். அதிலும் ஒரு சங்கடம். முஸ்லிம்கள் வாழும் ப்ளேன் வெர்த்தில் இருக்கும் இரண்டு நர்ஸ்களைத் தினமும் காலையில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட எனக்கு அன்றைய தேதியிலிருந்து போலீஸ் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் போகாவிட்டால் காயம்பட்டவர்களுக்குக் கட்டு மாற்ற ஆள் இல்லை, நீயும் அதே வேலையில் இருக்கிறவள், உனக்குத் தெரியும். இந்தத் தெருவில் என்னைக் காப்பாற்றும் சிலுவை அந்தத் தெருவில் என்னைக் கொன்றுவிடும். இதைக் கேட்டதும் அவள் உள்ளே போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், கையில் ஜெபமாலை. தெரிந்த முகம் உள்ளே இருந்தால் இந்தப் பக்கத்துப் பையன்கள் கல்லெறிய மாட்டார்களாம். அன்றிலிருந்து தினமும் அவர்கள் எல்லை முடிகிற ஷாம்ப் தெ மார்ஸ் மைதான மூலை வரை என்னோடு வந்து, இறங்கி, அந்த முழங்கால் வலியோடு நடந்து திரும்பிப் போவாள். வேண்டாமென்றால் கேட்கிற ஜாதியா அவள்.

இன்று நான்காவது நாள். அவள் இறங்குகிற மூலையில் கழியும் கல்லுமாக ஒரு கூட்டம், யார் பக்கத்து ஆட்கள் என்றே தெரியவில்லை. இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, திருப்பவும் இடமில்லை, அவளையும் வைத்து ப்ளேன் வெர்த் பக்கம் ஓட்டிக்கொண்டே போய்விட்டேன். அவள் தொப்பியைக் கழற்றினாள், ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டினாள். முன்னால் முருகன் படத்தடியில் காவடிக் கொடியேற்றத்தன்று கொடுத்த குங்குமப் பொட்டலம் இருந்தது. என் கண் அதன் மேல் போனது, ஆனால் கணவனை இழந்தவளிடம் இதை நெற்றியில் வைத்துக்கொள் என்று சொல்ல நம் வழக்கத்தில் வாய் எழுமா. அவளே எட்டி எடுத்தாள். நாங்களும் வருஷத்தில் ஒரு நாள் நெற்றியில் சாம்பல் வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துக் கட்டைவிரலால் வைத்துக்கொண்டாள். நேராக இருக்கிறதா என்று கேட்டாள். தெருவை விட்டுக் கண்ணை எடுக்காமலே ஆமென்றேன். சந்துக்குள் நான்கு பேர் வண்டியை நிறுத்தினார்கள். ஒருவன் கதவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான், குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான், இது யார் என்றான். என் அக்கா என்று சொன்னேன். அவன் அவள் நெற்றியை எவ்வளவு நேரம் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. பிறகு போகச் சொல்லிக் கூரையில் தட்டினான்.

வீட்டுக்கு வந்தும் அவள் அதை அழிக்கவில்லை. உன் அம்மா பார்த்தாள், தட்டில் சோறு போட்டு வைத்தாள்.

சுதந்திரக் கொடியேற்றம் பார்க்க மார்ச்சில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வராதே. உன்னைப் பார்க்க வேண்டும் போல் அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, ஆனாலும் வராதே. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, திருநீற்றை மறக்காதே. நீ நீடூழி நல்லபடி வாழ முருகன் துணையிருப்பான். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக ஞாபகம் வைத்துக்கொள், இனி எழுதும் கடிதங்களில் அந்துவானெத்தைத் தாந்தின் என்று எழுதாதே, அத்தை என்றே எழுது. உன் கடிதத்தை யாராவது பிரித்துப் படித்தாலும் நான் அந்தச் சந்தில் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. நாளைக்கும் நாங்கள் இருவரும் அதே வழியாகத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
துரைசாமி