பின் சீட்டின் எடை

போர்ட் அகஸ்டா,
ஞாயிறு, மார்ச்.

அன்புள்ள ப்ரையோனி அண்ணிக்கு,

டெஸ் எழுதுகிறேன். நலமா? கடலுக்கு அந்தப் பக்கம் பர்னியில் மழை விடாமல் பெய்வதாக ஃபோன் சொல்கிறது. உங்கள் ஊரை இன்னும் அதிலிருந்து எடுக்கவில்லை. இங்கே வெயிலும் ஈயும் போட்டி போடுகின்றன. அம்மா, உங்கள் தக்காளிச் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று தினமும் திட்டுகிறாள்.

கேம்பரை, அதுதான் அந்தக் கூடார டிரெய்லரை, விற்றுவிடச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்குப் பதிவுத் தாளைத் தபாலில் கேட்டிருந்தீர்கள். வைத்திருக்கிறேன். நான் அனுப்பும் மெசேஜ்களை நீங்கள் திறப்பதே இல்லை. உறையைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று இதையும் உள்ளே செருகிவிட்டேன். காகிதத்தில் எழுதிப் பழக்கமில்லை, அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் எடுத்துவிட்டேன். உங்கள் அப்பா தைத்த கான்வாஸில் ஒரு பொத்தல்கூட இல்லை. சமையல் பலகைக்குப் பின்னால் எலி ஒன்று குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்திருக்கிறது, அவ்வளவுதான். விளம்பரமும் எழுதியாயிற்று. ஆனால் இன்னும் போடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அதை இழுக்க வண்டி வாங்கிய நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? ஹேமிஷ் அண்ணன் பட்ரோல் ஜீப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அதன் எட்டு சிலிண்டர் பெட்ரோல் குடித்தே நம்மை ஓட்டாண்டி ஆக்கிவிடும், பிராடோ என்றால் டீசல், பாலைவனத்து வழிக்கடையில்கூட ஃபில்டர் கிடைக்கும் என்று நான் மல்லுக்கு நின்றேன். “வந்துட்டா பாரு, யூடியூப் இன்ஜினியர்” என்று கிண்டலடித்தபடியே கடைசியில் நான் சொன்னதைத்தான் வாங்கினான். நீங்கள் மட்டும் கறி அடைத்த மீட் பையைக் கடித்துக்கொண்டே கேட்டீர்கள்: “பின் சீட்ல குழந்தை சீட்டை மாட்டுற கொக்கி எத்தனை இருக்கு?” நான் பார்த்த எந்த வீடியோவிலும் அது இல்லை. தெரியாது என்றேன். எல்லோரும் சிரித்தோம், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அப்புறம் ஒரே கொண்டாட்டம்தான். கேம்பருக்கும் பிராடோவின் சக்கரங்களையே போட்டோம், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்று. கேம்பரின் முன்முனை வண்டிமேல் அழுத்தும் மூக்குப் பாரம் தாங்க பின் ஸ்பிரிங்கைக் கனமாக்கினோம்.

ஜூலையில் அடிலெய்டு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் இருவரும் வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள். அதற்குப் பிறகு அண்ணன் எந்நேரமும் போல்ட் முடுக்கினான். மணலில் புதைந்தால் வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் வந்தது, கூரைத் தட்டு வந்தது, இரண்டாவது பேட்டரி, பெரிய டீசல் டாங்க், இழுப்பறை, ஃப்ரிட்ஜ் என்று வந்துகொண்டே இருந்தது. பாலைவனத்து ஊடனடாட்டா பாதையில் உங்களை ஒரு தடவை கூட்டிப்போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். நான் ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி மூன்று டன் இழுக்கும் என்பதையே பார்த்த எனக்கு, அது தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத் தோன்றவில்லை. கேம்பரின் மூக்குப் பாரமும் அந்த முதுகில்தான் விழும். எல்லாவற்றையும் ஏற்றி எடைபோடப் போனபோது எடைமேடைக்காரர் நெவ் மீட்டரைப் பார்த்துவிட்டு, “யாராவது ஒருத்தர் இறங்கி நடந்து வந்தாத்தான் சட்டப்படி போகலாம்” என்றார். நீங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, “என்னைக் கூரை மேல கட்டிடுங்க, அங்கதான் கொஞ்சம் இடம் பாக்கி” என்றீர்கள். ஜூலைக்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வந்த முதல் கேலி. அண்ணன் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

மறுநாள் பின் சீட்டைக் கழற்றினான். பாரம் சட்டத்துக்குள் வந்தது. எனக்கே உட்கார இடமில்லாமல் போனதுகூட உறைக்காமல் நான் ஃபோனும் கையுமாக நின்றேன். துணிக்கூடையோடு வந்த நீங்கள், தரையில் கிடந்த சீட்டைப் பார்த்தீர்கள். “சரி. இனி அது தேவைப்படாதுன்னு முடிவு பண்ணியாச்சு” என்றீர்கள். உள்ளே போய்விட்டீர்கள். அது என் வீடியோவில் பதிவாகியிருந்தது, அண்ணி. எடையைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, அதன்மேல் பாட்டுப் போட்டு ஏற்றிவிட்டேன். இப்போது அதை நீக்கிவிட்டேன்.

நீங்கள் கப்பலேறிப் பர்னிக்குப் போன பிறகுதான், சீட்டை ஏன் கழற்றினாய் என்று அண்ணனிடம் கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்தபடியே சொன்னான்: “கண்ணாடில பாக்கறப்பல்லாம் அந்த சீட்டுதான் தெரியுது, டெஸ். காலியா. அவளாவது அதைப் பாக்க வேண்டாமேன்னுதான் கழட்டினேன்.” இதை அண்ணியிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான்.

உங்கள் மெசேஜைப் படித்துவிட்டு, கேம்பர் உங்கள் அப்பாவுடையது, நீங்கள் விற்கச் சொன்னால் விற்க வேண்டியதுதான் என்றான். பிறகு ஷெட்டுக்குள் போனான். அங்கே சீட்டைப் படுக்கை விரிப்பில் சுற்றி வைத்திருந்தான். ஒருவர் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லையாம். அந்த வாரம் முழுக்க, வண்டியில் மாட்டியதையெல்லாம் கழற்றினான். கங்காரு குறுக்கே பாய்ந்தால் தாங்கும் முன் கம்பி மட்டும் மிஞ்சியது. வின்ச்சிலும் கை வைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. மணலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று சண்டைக்குப் போனேன். “தோண்டிக்கலாம். மண்வெட்டி ரெண்டு கிலோதான்” என்றான்.

சீட்டை மாட்டி, கேம்பரையும் பூட்டிக்கொண்டு திரும்ப எடைமேடைக்குப் போனோம். நெவ் இரண்டு முறை பார்த்தார். “ஊர்ல எல்லாரும் ஏத்திக்கிட்டே வர்றானுங்க. நீ என்னடா இறக்கிக்கிட்டு வர்றே?” அண்ணன் எடை ரசீதை மடித்துப் பையில் வைத்தான். அதன்படி இன்னும் மூன்று பேர் தாராளமாக ஏறலாம்.

ஈஸ்டருக்கு அவனுக்கு லீவு. கேம்பரை உங்கள் பக்கத்துக் கப்பல் வந்து சேரும் ஜீலாங் துறைமுகம் வரை இழுத்து வந்து உங்கள் கையிலேயே ஒப்படைக்கிறானாம். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வா என்று கேட்க அவனுக்கு வாய் வராது, உங்களுக்கே தெரியும். விற்பதுதான் என்றால் ஒரு வார்த்தை அனுப்புங்கள், விளம்பரத்தைப் போட்டுவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஜீலாங் வந்து, அந்த வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் நாத்தனார்,
டெஸ் ட்ரெவின்

பி.கு.: அன்று கேட்டீர்களே, கொக்கி. சீட்டை மாட்டும்போது அண்ணன் குனிந்து பார்த்து எண்ணினான். மூன்று இருக்கிறது.