நீ சாக்கடையில் கொட்டிய டீ

மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் அவள் குழந்தைகளும் நலம். உன் நலத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, நீ அனுப்பிய நாலு பக்கத்தைப் படித்தாலே தெரிகிறது, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவனால்தான் அப்படி எழுத முடியும். போனில் சொன்னால் பாதியில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

அம்மா வேலை பார்த்த மனநல மையத்தில் அவள் படத்தைத் திறக்கும்போது வாசிக்க ஏதாவது எழுதித் தா என்று உன்னைக் கேட்டது அங்கே இருக்கிற டாக்டர், நான் இல்லை. தியாகச் சுடர் என்று எழுதியிருக்கிறாய். சுடராம். முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் மனநோயாளிகளைப் பார்த்த நர்ஸ் அவள். அவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் நீ. சின்ன வயசு, அதை விடுகிறேன். அவள் தியாகமெல்லாம் செய்யவில்லை, சண்டை போட்டாள். மாத்திரை வந்து சேராவிட்டால் டாக்டரோடு சண்டை, பெற்ற பிள்ளையைப் பின்னறையில் பூட்டி வைத்த தகப்பனோடு சண்டை, வீட்டுக்கு வந்தால் மிச்சத்துக்கு நான். கதவைத் திறக்காத வீடுகளில் வாசற்படியிலேயே உட்கார்ந்து பேப்பரை வரி விளம்பரம் வரை படித்துவிட்டு, நாளைக்கும் வருவேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்து வருவாள். இதில் ஒன்றாவது உன் நாலு பக்கத்தில் இருக்கிறதா?

ஃபிளாஸ்க் அக்காவைப் பற்றியும் ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? எல்லோரும் தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று நம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் அவள். உன் அம்மா வியாழக்கிழமை தவறாமல் போய், எதைக் கொடுத்தாலும் முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அப்புறம் டம்ளரை நீட்டுவாள். அந்த டம்ளரை அவள் கை நீட்டி வாங்க இரண்டு வருஷம் ஆனது. பிறகு அவளே டீ போடக் கற்றுக்கொண்டாள், ஃபிளாஸ்க்கும் கையுமாகத் தெருவில் நடந்தாள். யாருக்கு ஊற்றினாலும் முதல் வாய் அவளுடையது, பயப்படாமல் குடியுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகும் உன் அம்மா வியாழக்கிழமையை விடவில்லை, கடைசி வியாழன் வரை அவள் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

சனிக்கிழமை உன் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு காலை ஃபிளாஸ்க் அக்கா துக்க வீட்டுக்கு டீ கொண்டு வந்தாள். வாசலில் நின்றவன் நீ. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு உன்னிடம் நீட்டினாள். நீ என்ன செய்தாய்? எச்சில் டம்ளரை வாங்கிச் சாக்கடையில் கொட்டினாய், ஃபிளாஸ்க்கைப் பிடுங்கி அதையும் கவிழ்த்தாய், 'இதையெல்லாம் யாரு உள்ள விட்டது'ன்னு பத்துப் பேர் எதிரே கத்தினாய். எனக்குத் தெரியாதே என்பாய். உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை, அந்த வெட்கம் என்னோடு. நானும் யோக்கியன் இல்லை.

ஏழு வாரமாக அவள் கதவு சாத்தியே கிடக்கிறது. மாத்திரை போடுவதில்லை, அடுப்புப் பற்ற வைப்பதில்லை, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்று உயிரோடு இருக்கிறாள். புதிதாக வந்திருக்கிற நர்ஸ் நல்ல பெண்தான், ஆனால் இந்த மாசக் கடைசி வரைதான் பார்ப்பேன், அப்புறம் ஆள் வைத்துத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை என்கிறாள். நானும் வியாழக்கிழமைகளில் போய்ப் படியில் உட்கார்ந்தேன், மூட்டு வலி உயிர் போனது. நேற்றுதான் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். 'சிஸ்டர் கடைசியா என் டீயத்தானே சார் குடிச்சாங்க'ன்னு கேட்டாள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். அதை அவள் பார்க்கக்கூட இல்லை. 'அப்படின்னா உங்க பையன் ஏன் சார் கொட்டுனாரு? அதுல என்னமோ இருந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கு.' எனக்கு ஒரு டம்ளர் போட்டுக் கொடு, நான் குடிக்கிறேன் என்றேன். 'வேணாம் சார், உங்களையும் கொன்னுடுவேன்'னு சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அவள் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, கொட்டினவன் நீ. உன் நாலு பக்கத்தை டாக்டரிடம் கொடுக்க மாட்டேன், கிழித்தாயிற்று. படத்துக்கு மாலை போடவும் நீ வர வேண்டாம். அந்தப் படியில் வந்து உட்கார். லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்று என்னிடம் கதை அளக்காதே. அவள் டீ போடும்வரை உட்கார், போட்டால் அவள் எதிரிலேயே குடி.

ஆசி சொல்லாமல் முடிக்கக் கூடாது என்று உன் தங்கை பக்கத்தில் நின்று முறைக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள், நீண்ட ஆயுசோடு இரு, வயிறு எரிந்தாலும் பெற்ற மனசு அதைத்தான் கேட்கிறது. ஒன்று மட்டும் மறக்காதே, டீயைக் குடித்த கையோடு ஊருக்குக் கிளம்பிவிடாதே. மறுநாள் காலையில் அவள் வாசலில் போய் நில். நீ உயிரோடு இருப்பதை அவள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா