வேரில் இல்லாதது

சௌமின் நூடுல்ஸ் விற்கும் வண்டிக்காரர் சூடான வாணலியின் ஓரமாக வினிகரை ஊற்றினார். ஆவி எழுந்தது. ஜாதவ்பூர் பேருந்து நிறுத்தத்தில், கையில் காகிதத் தட்டோடு, அப்படியே நின்றுவிட்டேன்.

நம் ஆய்வகத்தின் வாசனை அது. அசெட்டிக் அமிலம். உன் துப்பட்டாவில், விரல்களில், டிபன் டப்பா மூடியில்கூட இருக்கும். "வீட்ல என்ன ஊறுகாய்க்காரின்னு கூப்பிடறாங்க டீ" என்பாய்.

இன்று என் விரல்களிலும் அதே வாசனை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் மதுரையிலிருந்து வந்தவள். நீ இங்கேயே, கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தவள், கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மகள். ஆய்வகத்தில் தமிழ் பேச நாம் இருவர் மட்டும். முதல் நாள் நான் கேட்டேன்.

"சொந்த ஊர் எது?"

"பெஹாலா."

"அது இல்ல. சொந்த ஊரு."

"பெஹாலா சொந்தமில்லன்னு யாரு சொன்னா உனக்கு?"

கோபமா, விளையாட்டா, தெரியவில்லை. பிறகு நீயே சிரித்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய்.

நம் வேலை ஒரு காட்டுப் புல்லோடு. கோதுமைக்குத் தூரத்து உறவு. அதன் செல்லில் ஏழு ஜோடி குரோமோசோம்கள். அவை இல்லாமல் செடி இல்லை. சில செடிகளில் மட்டும், அவற்றுக்கும் மேல், கூடுதலாக ஒன்றோ இரண்டோ. பி குரோமோசோம்கள் என்று பெயர். அவை இல்லாமலும் செடி வளரும், பூக்கும், விதைக்கும். ஆனாலும் அவை அழிந்துபோவதில்லை. மகரந்தத்தில் ஏறி அடுத்த தலைமுறைக்கு வந்துவிடுகின்றன.

ஒரு ஞாயிறு உன் வீட்டில் தோசை. அம்மா கேட்டார்கள், "அப்படி என்னதான்டீ பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"செடிக்குள்ள எக்ஸ்ட்ராவா ஒண்ணு இருக்கும்மா. அது இல்லாட்டியும் செடிக்கு ஒண்ணும் ஆகாது. என்ன மாதிரி."

அண்ணன்கள் இருவருக்கும் மீசை முளைத்த பிறகு பிறந்தவள் நீ. வீட்டில் அது பழைய வேடிக்கை. அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு நீயா முடிவு பண்ணாத."

தோசை உன் தட்டில் விழுந்தது.

விதைகள் எப்போதோ வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்தவை. பி உண்டு என்று உறையில் எழுதியிருந்தது. உண்மைதானா என்று யாருக்கும் தெரியாது. வழக்கம்போல முளைத்ததும் வேர் நுனியை வெட்டினோம். சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்த்தோம். பதினான்கு. அதற்கு மேல் எதுவும் இல்லை. முதல் தட்டு நாற்றுகளை முழுதாகக் குப்பையில் கொட்டினோம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வேர் நுனிதான் சுலபம். எப்போதும் அங்கேதான் பார்ப்போம்.

இரண்டாம் தட்டையும் கொட்டப் போனபோது நீ ஓடிவந்தாய். ஒரு பழைய கட்டுரையைப் படித்திருந்தாய். இந்தப் புல்லில், கரு உருவாகும்போதே வேர்ப் பகுதி பி குரோமோசோம்களைத் தொலைத்துவிடுமாம். தண்டில் இருக்கும். பூவில் இருக்கும். வேரில் மட்டும் இருக்காது.

"கொட்டாத. பூ வரட்டும்."

"வந்து, அதுலயும் இல்லன்னா?"

"அப்ப கொட்டு. எதுக்கெடுத்தாலும் ஏன் டீ வேரயே நோண்டற?"

இந்தப் புல் பூக்க முதலில் குளிர் வேண்டும். கல்கத்தாக் குளிர் போதாது. நாற்றுகளைக் குளிர்பெட்டியில் அடுக்கினாய். கதவை மூடும் முன் அவற்றிடம் வங்காளத்தில் ஏதோ சொன்னாய். குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில். ஊரில் துர்கா பூஜை முடிந்து பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு காய்ச்சல். டெங்கு என்றார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார்கள். மருத்துவமனையிலிருந்து நீ அனுப்பிய கடைசிச் செய்தி: குளிர்பெட்டிய யாரும் அணைக்காம பாத்துக்கோ.

நாற்றுகள் வெளியே வரும் முன் நீ போய்விட்டாய்.

ஆய்வகத்தில் மூத்தவரான ரீனாதி எதையும் அவசரப்படுத்தவில்லை. புதிய மாணவர்களுக்கு இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். "பூ வரட்டும். அதிலும் இல்லையென்றால் எடுத்துவிடலாம், சரியா?" என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். சரி என்றேன். உன்னுடையது என்று அங்கே மிச்சமிருந்தவை அந்தத் தொட்டிகள் மட்டுமே.

நேற்றுவரை மொட்டுகள் சரியான பருவத்தில் கிடைக்கவில்லை. ஒன்று பிஞ்சு, இல்லையென்றால் மகரந்தமே முற்றியிருக்கும். இன்று காலை ஒரு கதிர் சரியாக இருந்தது. மகரந்தப் பையைப் பிரித்தேன். சாயம் ஒரு துளி. மேல்கண்ணாடியை வைத்து, ஒற்றுத்தாள் மூடி, கட்டைவிரலால் அழுத்தினேன். நகர்ந்தால் போச்சு. "மூச்ச விடாத, அழுத்து" என்று நீ என் காதருகே சொல்வாயே. மூச்சு விடவில்லை.

ஏழு ஜோடி நடுவில் வரிசையாக நின்றன.

ஓரத்தில், கொஞ்சம் சிறியவையாக, இரண்டு. அந்த ஏழில் எதோடும் சேராமல், ஒன்றையொன்று கோத்துக்கொண்டு.

ரீனாதியைக் கூப்பிட்டேன். வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "ஆச்சே" என்றார் வங்காளத்தில். இருக்கிறது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொட்டிகளை யாரும் தொடக்கூடாது என்று தானே போய் எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு பெஹாலாவுக்குப் புறப்பட்டேன். வழியில்தான் அந்த வினிகர்.

அம்மா கதவைத் திறந்தார்கள். படத்தைக் காட்டினேன்.

"இதுல எதுடீ அவ தேடினது?"

விரல் வைத்துக் காட்டினேன். அம்மா இரண்டு விரலால் படத்தை விரித்தார்கள். இன்னும் விரித்தார்கள். திரை முழுக்க அந்த இரண்டு மட்டும்.

"வேர்ல இல்லன்னு கொட்டப் பாத்தீங்கன்னாளே, அதா?"

"ஆமாம்மா. அதுதான்."

கைபேசியை என்னிடம் திருப்பித் தரவில்லை. அப்பாவிடம் காட்ட உள்ளே எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "இரு, தோசை ஊத்தறேன்" என்றார்கள்.

விதை முற்ற இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அவற்றுக்கான உறைகளை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். என்றாவது யாரோ முளைக்கவைத்து, வேர் நுனியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று குப்பைக்கூடையை நோக்கி நடக்கக்கூடும். அதனால் ஒவ்வோர் உறை மேலும் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அழியாதபடி அழுத்தி, தமிழிலும், நீ கற்றுக்கொடுத்த கோணல் வங்காளத்திலும்:

பூ வரட்டும்.