சித்தி கொண்டுவந்த கூடாரம்

ஆட்டு ஆண்டு, ஐந்தாம் மாதம், 3

கான் இறந்தபோது துக்கத்துக்கு வெட்டிய குதிரை வால்கள் மறுபடி வளர்ந்துவிட்டன. குமுஷ் சித்தி இன்னும் வெள்ளைக் கூடாரத்தில், அரியணைக்கு இடப்பக்கம், கத்தூனுக்குரிய, அதாவது கானின் அரசிக்குரிய, தன் இடத்தில்தான் உட்காருகிறாள். அரியணை காலி. தூதர்கள் அவளைப் பார்த்தே பேசுகிறார்கள். நான் பின்னால் இருந்து எழுதுகிறேன். இன்று எழுத்து சொல்லித்தரும் ஆசான் ஒரே ஒரு பிழைதான் பிடித்தார்.

6

எல்புகா வந்தான். இறந்த கானின் தம்பி. எங்கள் வாசல் தாழ்ந்தது, குனிந்துதான் வர வேண்டும். அவன் நிமிர்ந்தபடி நுழையப் பார்த்து நெற்றியில் இடித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

“அண்ணி, அண்ணன் போனா தம்பி கட்டிக்கிறது நம்ம வழக்கம். முழுநிலா அன்னிக்கு என்னைக் கம்பளியில உக்காரவச்சுத் தூக்கிக் கானாக்கப் போறாங்க. நீங்க பக்கத்துல இருக்கணும்.”

“பக்கத்துலயா, பின்னாலயா?”

“அரசு காரியமெல்லாம் இனி நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா இருங்க.”

“நான் மருமகளா வந்தப்ப உனக்கு மூக்கு சிந்திவிட்டவ நான், எல்புகா. உனக்கு வாக்கப்பட என்னால ஆகாது.”

போகும்போதும் இடித்துக்கொண்டான்.

7

சித்தியைத் துரத்திவிடுவானா? அப்புறம் இடப்பக்கம் யார் உட்காருவார்கள்? யாருமே இல்லையா?

9

குலத்தலைவர்கள் நடுவே எல்புகா வாளை உருவி அதன்மேல் சத்தியம் செய்தான்.

“அவங்களுக்கு ஆடும் இல்ல, மேய்ச்சலும் இல்ல. பொறந்த வீட்டுலேர்ந்து கொண்டுவந்தத எடுத்துட்டுப் போகட்டும். அதுல ஒரு நூலக்கூட எவனும் தொடமாட்டான்.”

“ஒரு சீப்பும் கண்ணாடியும் இருக்கும்,” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். என்ன திமிர் இவங்களுக்கு! எத்தனை வருஷம் அவ கையால குதிரைப்பால் வாங்கிக் குடிச்சவங்க —

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். கூரை வளையம், சட்டங்கள், வெள்ளைக் கம்பளி. எல்லாமே தாத்தா சீதனமாக ஒட்டகங்களில் ஏற்றி அனுப்பியவை. வீடு மணப்பெண்ணுடையது. ஆடு மேய்ப்பவனுக்குக்கூட இது தெரியும். அந்தக் கூரையின் கீழ் நின்றுகொண்டா இப்படிச் சத்தியம் செய்தான்?

ஓடிப்போய்ச் சித்தியிடம் எல்லாம் சொன்னேன். சித்தி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“சித்தி, அவர் சொன்னதுல கூடாரமும் வருதா?”

“படிச்ச புள்ள நீ. நீயே சொல்லு.”

“வருது.”

“அப்ப ஒட்டகங்கள ஓட்டிட்டு வரச் சொல்லு.”

10

பிரித்துவிட்டோம். நானும் கயிறு அவிழ்த்தேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

அரியணை கான் குடும்பத்துடையது. அதை நாங்கள் தொடவில்லை. வெறும் புல்லில், காற்றில் நின்றது. ஓர் ஆடு போய் அதன் காலை நக்கியது.

எல்புகா ஓடிவந்தான். “அண்ணி, என்ன பண்றீங்க? வெள்ளைக் கூடார வாசல்ல தூக்காதவன எவன் கான்னு சொல்லுவான்?”

“வாள்மேல சத்தியம் பண்ணினியே தம்பி. இந்தா, இந்தக் கூடாரக் கயிறும் நூல்தான். தொடு பாப்போம்.”

அவன் தலைவர்களைப் பார்த்தான். நேற்றுச் சிரித்தவர்கள் இன்று தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

13

ஆற்றங்கரையில் கூடாரத்தை நிறுத்தினோம். வாசல் கிழக்கே. மழை. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

15

முழுநிலா. அங்கே யாரையும் தூக்கவில்லையாம்.

21

சீப்பு, கண்ணாடி என்று சொன்ன தலைவர் வந்தார். பரிசாக ஒரு பெண் குதிரை. “பால் நல்லாக் கறக்கும்,” என்றார். சித்தி வாங்கிக்கொண்டாள்.

ஆறாம் மாதம், 2

எல்புகா வந்தான். தொப்பியைக் கழற்றி, நன்றாகக் குனிந்து நுழைந்தான். “அண்ணி” என்று ஆரம்பித்து, நிறுத்தி, “கத்தூன்” என்றான். கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை.

சித்தி எழவில்லை. “உக்காரு தம்பி. சேவின்ச் எழுதுவா. நிதானமாச் சொல்லு.”

கானும் கத்தூனும் சேர்ந்து ஆணையிடுகிறார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பெயர்களையும் ஒரே அளவில். பழைய இடத்துக்குத் திரும்ப, நாளை மறுபடி கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். கொப்புளங்கள் காய்ந்துவிட்டன.