பாட்டுக்கு நடுவில் ஒரு குரல்

மார்ச் 4

கண்டுபிடிப்பாளர் அவர்களுக்கு,

நலம். அக்கா வீட்டில் எனக்குத் தனி அறை கொடுத்துவிட்டாள். மருந்துக்கடை வேலைக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

போனில் பேசினால் பாதிப் பேச்சில் லிங்க் அனுப்புகிறீர்களே என்றுதான் காகிதத்தில் எழுதச் சொன்னேன். நீங்களோ முழ நீளத்துக்கு ஓர் இணைய முகவரியைக் கையால் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்! எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினால், பழைய படங்களில் எத்தனை வகை நீலம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் தளமாம். தலையில் அடித்துக்கொண்டேன். கூரியரில் தலையணை கனத்துக்கு உங்கள் இன்னொரு கண்டுபிடிப்பு, ஒரு நாவல்.

எப்போது வருகிறாய் என்று கேட்கிறீர்கள். ஏன் போனாய் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? அடுத்த கடிதத்தில் புத்தகம், தளம், பாட்டு எதுவும் வேண்டாம். என்னைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். மறுநாளே பெட்டியோடு வந்து நிற்கிறேன்.

இன்னும் உங்கள் மனைவி

மார்ச் 11

அன்புள்ள செல்லத்துக்கு,

உன் கோபம் நியாயம்தான். உன்னைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் எந்நேரமும் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் இது மாட்டியது. திட்டாதே, இது ஒன்றே ஒன்று.

'ஈரத்துணி' என்ற பெயரில் யாரோ ஒரு பெண், தானே பாடிப் பதிவுசெய்த பாட்டுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறாள். கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். என்ன குரல்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது பாட்டுக்கு நடுவே தூரத்தில் ஒருத்தன், "ஏய், சார்ஜர எங்க வெச்சே?" என்று கத்துகிறான். அவள் நிறுத்தாமல் பாடுகிறாள். வேண்டுமென்றே சேர்த்திருக்கிறாள், என்ன கற்பனை பார்! அப்படி ஒரு தடியனோடு நிஜத்தில் குடித்தனம் செய்தால் அவள் கதி என்ன ஆகும்?

அவளைப் பாராட்டி அந்தத் தளத்திலேயே நீளமாக எழுதினேன். பதில் இல்லை. நீ வந்ததும் சேர்ந்து கேட்போம்.

உன் அன்புக் கணவன்

மார்ச் 15

அவருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதடி, விடு" என்றாள்.

ஈரத்துணி நான்தான். நீங்கள் ஹெட்போனால் காதை அடைத்துக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்திருந்தபோதெல்லாம், துணி அலமாரிக்குள் போனை வைத்துப் பாடியவை அந்தப் பாட்டுகள். கத்துகிற தடியன் நீங்கள். என் குரல் தெரியவில்லை, சரி, போகட்டும். சொந்தக் குரலே தெரியாத மனிதரிடம் நான் என்னத்தைச் சொல்லிப் புரியவைப்பேன்?

அந்தத் தளத்தில் நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இவ்வளவு அன்பாக எழுத வருமா உங்களுக்கு! அதில் ஒரு வரி எனக்கு எழுதியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன்.

இனி உங்கள் மனைவிக்குக் கடிதம் போட வேண்டாம், அவள் வரமாட்டாள். பாட்டுக்காரிக்கு எழுதுங்கள். உங்கள் பாராட்டுக்கு அவள் நன்றி சொல்வாள்.

ஈரத்துணி