முப்பதில் ஒன்று

ஜூன் 4

சிஸ்டர் அவர்களுக்கு,

சலவை ஆயா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமையே வந்தது. இருபத்தேழு வருஷமாக வராத கடிதத்தை யாரும் உடனே பிரிக்க மாட்டார்கள். இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். "பாட்டி, அது லெட்டர்தான், பாம்பு இல்ல" என்று பேத்திதான் கிழித்துக் கொடுத்தாள்.

செவிலியர் மாநாட்டில் இருபது நிமிஷம் பேசப் போகிறீர்கள், சந்தோஷம். ஆபரேஷன் தியேட்டரில் துணி எண்ணுவதைப் பற்றியாம், அதுவும் சந்தோஷம். 'அந்த நாள் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது' என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கிழவிக்கு மறந்திருக்கும், இனி எதையும் பேசலாம் என்று ஆழம் பார்க்கிறீர்களா?

செவ்வாய்க்கிழமை. மூன்றாம் நம்பர் தியேட்டர். படுத்திருந்தது தையல் டீச்சர், இரண்டு பிள்ளைக்காரி. நீங்கள் வேலைக்கு வந்து நாலு மாசம். வலது கால் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தீர்கள். ரத்தம் ஒற்றுவதற்கு முப்பது துணி பிரித்துக் கொடுத்தீர்கள். நனைந்து வாளியில் விழுந்ததையெல்லாம் நான் எடுத்துப் பச்சை விரிப்பில் ஐந்தைந்தாகப் பரப்பினேன்.

நம் தியேட்டர் வழக்கம் என்ன? ஆயா எண்ணிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சிஸ்டர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லித் தாளில் எழுத வேண்டும். இரண்டு வாயும் ஒன்றைச் சொல்லி, அது கொடுத்த எண்ணிக்கையோடு பொருந்தினால்தான் வயிற்றைத் தைக்கலாம்.

நான் "இருபத்தொன்பது" என்றேன். கடைசி வரிசையில் நாலுதான் கிடந்தது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் சொன்னேன். பெரிய டாக்டர் ஊசியைப் பிடித்துக்கொண்டு, "மூணாங்கிளாஸ் படிச்சவ எண்ணி முடிக்கிறதுக்குள்ள நமக்கு ரிட்டையர்மென்ட் வந்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் "முப்பது சார்" என்றீர்கள்.

பதினோராம் நாள் தையல் டீச்சர் காய்ச்சலோடு வந்தாள். மறுபடி வெட்டி அந்த முப்பதாவது துணியை எடுத்தார்கள். பிழைத்தாள், அவள் பிள்ளைகள் செய்த புண்ணியம். விசாரணையில் நீங்கள், "ஆயா முப்பதுன்னுதான் சொன்னாங்க" என்றீர்கள். என்னைச் சலவைப் பிரிவுக்குத் தள்ளினார்கள். பதினேழு வருஷம் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு முந்தின வாரம் மழைக்கு என் நீலக் குடையை வாங்கிப் போனீர்கள். அது இன்னும் வரவில்லை.

நினைவு போதுமா?

இப்படிக்கு,
சலவை ஆயா

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

முட்டிக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். நான் ஆழம் பார்க்கவில்லை. அந்தச் செருப்பு வாரை நானே மறந்துவிட்டேன்.

மாநாடு ஆகஸ்ட் 9. பேச்சை எழுதுகிறேன், கிழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். என்னிடம் வேலை பார்க்கும் நாற்பது சிஸ்டர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தால் நடுவில் குரல் நின்றுவிடுகிறது. இதுவரை எழுதியதை அனுப்புகிறேன். படித்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்துத் தாள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? பெரிய டாக்டர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வண்டி அனுப்புகிறேன். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்

ஜூன் 21

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் பேச்சைப் பேத்தி இரண்டு தடவை வாசித்தாள். 'எண்ணிக்கையில் ஒரு தவறு நேர்ந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் இடமாற்றம் செய்யப்பட்டார்.' தவறு என்ன தூறலா, தானாக வந்து விழ? செய்த கையே இல்லையா? அந்தக் கடைநிலை யார்? பேரில்லாமல் துவைத்தேன், பேச்சிலும் பேரில்லையா?

தாள் இருக்கிறதா என்று கேட்டீர்கள். பானைக்குள் தலையை விடுவதற்கு முன்னால் பூனையும் இப்படித்தான் சுற்றுமுற்றும் பார்க்கும். பெரிய டாக்டர் போய்விட்டார். பாரத்தை அவர் தலையில் இறக்கிவிடலாம், எழுந்து வந்து மறுக்க மாட்டார். மிச்சம் இருப்பவள் நான் ஒருத்தி. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தால், ஆயாவே ஒத்துக்கொண்டாள் என்று ஊர் நம்பும். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டுக்கு மாலை போடுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

"பாட்டி, அவங்க மன்னிப்பு கேக்க வராங்களோ என்னவோ" என்கிறாள் பேத்தி. நாலு பேர் முன்னால் கெடுத்ததற்கு உறைக்குள் வைத்தா மன்னிப்பு கேட்பார்கள்?

என்னிடம் தாள் இல்லை. நாக்கு இருக்கிறது.

சலவை ஆயா

ஜூலை 3

அக்கா,

இத்துடன் இருப்பது அன்றைய தாள். விசாரணைக்கு நான் கொடுத்தது வேறு. பெரிய டாக்டர் சிரித்ததும் இதை அட்டையிலிருந்து கிழித்தெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுத் தாளில் முப்பது என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று பயம். அவர் என்னை எழுதச் சொல்லவில்லை. எழுதியது நான்.

நகல் எடுத்து வைக்கவில்லை. மேடையில் உண்மையைச் சொல்லாமல் நான் கீழே இறங்கினால், இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

உங்கள் சிஸ்டர்

ஜூலை 10

சிஸ்டர் அவர்களுக்கு,

தாள் வந்தது. ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறது. 29 என்று உங்கள் கையெழுத்து. ஒன்பதுக்கு வால் நீளம், அப்போதே அப்படித்தான்.

ஆக, நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சிரிப்பில் கேட்காமல் போயிருக்குமோ என்று இத்தனை வருஷமும் உங்களுக்காக ஒரு மூலையில் கொஞ்சம் இடம் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த இடமும் இல்லை.

வண்டி அனுப்ப வேண்டாம்.

சலவை ஆயா

ஆகஸ்ட் 14

சிஸ்டர் பொண்ணே,

பஸ்ஸில்தான் வந்தேன். பேத்தி துணை. உன் முன்வரிசை நாற்காலி எனக்கு வேண்டாம். கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தேன். தாள் என் பையில் இருந்தது. நீ மழுப்பினால் மேடையேறி எல்லோர் கண்ணிலும் காட்டுவது என்றுதான் வந்தேன், வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

நீ காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினாய். கையில் காகிதம் வைத்திருந்தாய். நடுவில் நிறுத்தினாய். தண்ணீர் குடித்தாய். இதோ இறங்கப் போகிறாள் என்று நான் பையைத் திறந்துவிட்டேன். அப்போது காகிதத்தை மடித்துவிட்டு, "ஆயா ரெண்டு தடவ சொன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பொய்யா எழுதினது நான். விசாரணையில அவங்க மேல பழி போட்டதும் நான்" என்றாய். பிறகு தியேட்டர் குரலில், சத்தமாக, "இருபத்தொன்பது" என்றாய்.

நான் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திருப்பிச் சொன்னது. "இருபத்தொன்பது."

அத்தனை தலையும் திரும்பியது. பக்கத்து நாற்காலிப் பெண், "என்ன பாட்டி, என்னாச்சு?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா, எண்ணி முடிச்சாச்சு" என்றேன். நீ என்னைத் தேடுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டிய சத்தம் வாசல் வரை வந்தது. நான் தட்டவில்லை, அதையும் தெரிந்துகொள்.

மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. சலவைத் தண்ணீரில் ஊறின கை, மெதுவாகத்தான் உலரும்.

மேலிடத்தில் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகப் பேத்தி கேள்விப்பட்டாள். என்னையும் கூப்பிடச் சொல். பெரிய டாக்டர் சிரித்ததையும் சொல்வேன், நீ பயந்ததையும் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தாள் என்னிடமே இருக்கட்டும், அன்றைக்குக் கொண்டுவருகிறேன்.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. குடையைத் தபாலில் அனுப்பிவிடாதே. நேரில் கொண்டுவந்து கொடு.

தியேட்டர் ஆயா